மேட்டில் மெலியும் காற்று... பட்டறையில் உருவாகும் பெட்டி! - ஓசூர் சாலையில் ஒரு டர்போ கணக்கு

சேலத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பெங்களூருக்கு காரில் போகிறவர்களுக்கு கிருஷ்ணகிரி, டீ குடித்துக் கால் நீட்டும் இடம். மாம்பழக் கூழ் தொழிற்சாலைகளின் போர்டுகள், அணைக்குப் போகும் திருப்பம், கிரானைட் கற்களைச் சங்கிலி போட்டுக் கட்டி ஏற்றிவரும் லாரிகள்... இதையெல்லாம் தாண்டி குருபரப்பள்ளி, மேலுமலை, சூளகிரி வழியாக ஓசூருக்கு சுமார் 50 கிலோமீட்டர். பாதி வழியிலேயே, "ஏசியை நிறுத்திட்டு ஜன்னலை இறக்கலாமே" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். காரணம் எளிது. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர். ஏற்காடு, ஊட்டி மாதிரி கொண்டை ஊசி வளைவுகள் இல்லாததால், 400 மீட்டர் மேலே ஏறியிருக்கிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால், வண்டிக்குத் தெரியும்.

உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். சென்னைக் கடற்கரையோடு ஒப்பிட்டால் கிருஷ்ணகிரியில் காற்றழுத்தம் 5, 6 சதவிகிதம் குறைவு. ஓசூரில் 10 சதவிகிதம் குறைவு. டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின், கிட்டத்தட்ட அதே அளவுக்குச் சக்தியை இழக்கும். நான்கு பேரும் பெட்டி படுக்கையுமாக மேலுமலை ஏற்றத்தில் ஒரு லாரியை முந்த முயல்கிறபோது, 'என்ன, வண்டி இழுக்க மாட்டேங்குது' என்று தோன்றுகிறதே... அதில் ஏற்றத்தின் பங்கும் இருக்கிறது, காற்றின் பங்கும் இருக்கிறது.

எவ்வளவு காற்று? கணக்கைக் கேட்டால் ஆச்சர்யமாக இருக்கும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 11 கிலோ காற்று. ஓசூரின் மெலிந்த காற்றில் அது சுமார் 10,000 லிட்டர்! லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வந்து சேர்வதற்குள் 33,000 லிட்டர் காற்றைக் குடித்திருக்கும். கோடைக்காலத்தில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருக்கிறதே, அதில் கிட்டத்தட்ட மூன்று லாரி. இவ்வளவும் கைப்பிடி அளவு அகலமுள்ள ஒரு குழாய் வழியாக, ஒரு காகித வடிகட்டியைக் கடந்து உள்ளே போகிறது.

அந்தக் குழாயும் வடிகட்டியும்தான் இங்கே விஷயம். 'ஏர் இன்டேக்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் இந்தப் பாதையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, கொஞ்சம் குளிர்ச்சியான காற்றைக் கொடுத்தால் கார் இன்னும் சுறுசுறுப்பாகும் என்பது கார் பிரியர்களின் நெடுநாள் நம்பிக்கை. இதற்கென்றே வெளிநாட்டு கம்பெனிகள் விற்கும் முழு செட்களின் விலை சர்வசாதாரணமாக 30,000 ரூபாயைத் தாண்டும். அதையே பத்தாயிரத்துக்குள் செய்துகொள்ள முடியுமா என்று கேட்டால், அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் தமிழ்நாட்டில் ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

வாரம் ஆறு நாள் அடுத்தவர் டிராயிங்

1970-களில் சிப்காட் இங்கே நிலம் எடுத்தபோது ஓசூர், தர்மபுரி மாவட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சிற்றூர். 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அதே ஆண்டில் அசோக் லேலண்ட் வந்தது. பிறகு டைட்டன் வாட்ச். இன்று பி.எம்.டபிள்யூ.வின் 310 சிசி பைக்குகள் டி.வி.எஸ். ஆலையில்தான் உருவாகின்றன. 1982-லிருந்து இயங்கும் டி.வி.எஸ். ரேஸிங் அணிக்கும் இதுதான் தாய்வீடு. பெரிய ஆலை ஒன்று வந்தால் அதைச் சுற்றி நூறு சின்னப் பட்டறைகள் வரும். மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடி வரைக்கும், அந்தப் பக்கம் பேரண்டப்பள்ளி வரைக்கும் அப்படித்தான் நிரம்பின. லேசர் கட்டிங், தகடு வளைக்கும் பிரஸ், லேத், ஆர்கான் வெல்டிங், பவுடர் கோட்டிங், ரப்பர் மோல்டிங் என ஒரு காரின் எந்த பாகத்தைக் கேட்டாலும் செய்து தரக்கூடிய கைகள் ஐந்து கிலோமீட்டருக்குள் கிடைக்கும். சிறுதொழில் முனைவோருக்கென்று 'ஹோஸ்டியா' என்ற சங்கமே இருக்கிறது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, 2019-ல் ஓசூர் மாநகராட்சியானது எல்லாம் இந்த உழைப்பின் பின்னால் வந்தவை.

இந்தக் கைகளுக்கு ஒரு குணம் உண்டு. வாரம் ஆறு நாளும் யாரோ வரைந்த டிராயிங்குக்கு, யாரோ சொன்ன அளவில், அரை மில்லிமீட்டர் பிசகாமல் செய்துகொடுக்கும். தனக்கென்று ஒன்று செய்துகொள்ளக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

இப்படி வைத்துக்கொள்வோம். ஐ.டி.ஐ. முடித்து, உதிரி பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர். மூன்று, நான்கு வருடச் சேமிப்பில் ஒரு பழைய டர்போ கார் வாங்க நினைக்கிறார். ஓசூர்க்காரர்கள் பழைய கார் தேடுவது பெரும்பாலும் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில். தேர்வுகளுக்குக் குறைவில்லை. 2013-ல் 105 குதிரைத்திறனோடு வந்து, 2020-ல் ஒரு லிட்டர் இன்ஜினுக்கு மாறி, 2022-ல் விடைபெற்ற ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. இன்றும் பலரின் கனவு. 2017-ல் வந்த பெலினோ ஆர்.எஸ்., ஶ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஐ20 டர்போ, டாடாவின் அல்ட்ராஸ் எனப் பட்டியல் நீளும். நம்மூர்ப் பெருமை ஒன்றும் அதில் உண்டு. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 2018 அக்டோபரில் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி. 114 குதிரைத்திறன், எக்ஸ் ஷோரூம் விலை 6.39 லட்சம் ரூபாய். குறைந்த விலையில் வேகமான கார் என்று கொண்டாடினார்கள். ஆனால், எண்ணிக்கையில் விற்கவில்லை. சில வருடங்களிலேயே நிறுத்தப்பட்டது. இப்போது யாராவது விற்க மாட்டார்களா என்று தேடுகிறார்கள். நம்மவர்கள் வழக்கமே அதுதானே!

டர்போ இருந்தால் என்ன லாபம்?

டர்போ என்பது ஒரே அச்சில் மாட்டிய இரண்டு விசிறிகள். இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு விசிறியைச் சுழற்றும். அடுத்த முனையில் இருக்கும் விசிறி வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இன்ஜினுக்குள் திணிக்கும். சின்ன கார்களில் இது நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகள் வரை சுழலும். வீணாகப் போகும் புகையைக்கொண்டே காற்றைத் திணிக்கலாம் என்ற யோசனைக்கு சுவிஸ் இன்ஜினீயர் ஆல்ஃப்ரெட் பியூஹி காப்புரிமை வாங்கியது 1905-ல். ஓசூர் மாதிரியான மேட்டு நிலத்துக்கு இது ஒரு வரம். காற்று 10 சதவிகிதம் மெலிந்திருந்தால், விசிறி இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழன்று அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். மேலுமலை ஏற்றத்தில் டர்போ கார்கள் அலட்டிக்கொள்ளாமல் போவது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் காற்றுப் பாதை முக்கியமாகிறது. ஏற்கெனவே மெலிந்த காற்றை உறிஞ்சும் விசிறிக்கு முன்னால் அடைத்துப்போன வடிகட்டியும் ஒடுங்கிய குழாயும் இருந்தால், மெல்லிய ஸ்ட்ராவில் கெட்டி லஸ்ஸி குடிக்கும் கதைதான். விசிறி கூடுதலாகச் சுழல வேண்டும். கூடுதலாகச் சுழன்றால் காற்று கூடுதலாகச் சூடாகும். சூடான காற்று இன்னும் மெலிந்தது. பாதையைச் சரிசெய்தால் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் டர்போ விழித்துக்கொள்ளும் நேரம் சற்றுக் குறையும்.

ஆனால், ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இன்றைய டர்போ கார்களில் எவ்வளவு காற்றைத் திணிப்பது என்று முடிவு செய்வது ஈ.சி.யு. எனும் குட்டி கம்ப்யூட்டர். காற்றுப் பாதையை அகலமாக்கினால், அது இலக்கை எட்டியதும் 'போதும்' என்று நிறுத்திவிடும். எனவே, இன்டேக்கை மட்டும் மாற்றினால் கிடைக்கும் கூடுதல் சக்தி ஒற்றை இலக்கக் குதிரைத்திறன்தான். நிறையக் கிடைப்பது சத்தம். விசிறி சுழலும் 'ஸ்ஸ்ஸ்' விசிலும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வரும் 'ப்ஷ்ஷ்' என்ற பெருமூச்சும் நன்றாகக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, 'வண்டி பறக்குது' என்று நம்புகிறவர்களே அதிகம்.

கூம்பா, பெட்டியா?

குறைந்த செலவில் செய்ய நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது கூம்பு வடிகட்டியில். கம்பெனி கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு, குழாயின் முனையில் கூம்பு வடிவ ஃபில்டரை மாட்டிவிடுவது. அரை மணி நேர வேலை. சத்தமும் உடனே மாறிவிடும்.

இதைவிடத் தவறான செலவு வேறில்லை. பானட்டுக்கு உள்ளே திறந்து கிடக்கும் அந்தக் கூம்பு உறிஞ்சுவது இன்ஜினைச் சுற்றிக் கொதிக்கும் காற்றை. வெப்பம் 3 டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி 1 சதவிகிதம் குறையும். வெளியே 30 டிகிரி, பானட்டுக்குள் 60 டிகிரி என்றால் ஒன்பது சதவிகிதம் காலி. அதாவது, கடற்கரையிலிருந்து ஓசூருக்கு ஏறியதில் போன அளவு இன்னொரு முறை போகிறது. அழுத்திய காற்றை ஆற்றுவதற்கு இன்டர்கூலர் இருக்கிறது என்பது உண்மைதான். அதற்காக, இலவசமாக வெளியே கிடைக்கும் குளிர்ந்த காற்றை விட்டுவிட்டுச் சூட்டைக் காசு கொடுத்து வாங்குவானேன்? பழைய பெட்டியையே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் காகித ஃபில்டரை மட்டும் புதிதாக மாற்றினால்கூட இந்தக் கூம்பைவிட மேல். அதன் விலை சில நூறு ரூபாய்தான்.

அடுத்தது தூசி. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பெயர் போனது. 'பாரடைசோ' என்று உலகச் சந்தையில் விற்கும் வரியோடிய கல் இந்த வட்டாரத்துக்குச் சொந்தம். குவாரி, கிரஷர், எம் சாண்ட் லாரி என்று சாலையோரம் முழுக்கக் கல் தூசி. செம்மண் தூசியைவிட இது கொடியது. கல் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள துகள்கள் உள்ளே போய், சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். இரண்டு லட்சம் சுற்றில் சுழலும் விசிறியின் ஓரத்தையும் அரிக்கும். நல்ல காகித ஃபில்டர் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் தூசியைப் பிடித்துவிடும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்களில் காற்று தாராளமாகப் போகும். நுண்தூசியும் சற்றுத் தாராளமாகவே போகும். ரேஸ் டிராக்கில் ஓடும் வண்டிக்கு அது பரவாயில்லை. தினமும் சூளகிரி வழியாக ஓடும் வண்டிக்குக் காகிதமே நல்லது.

ஆக, இந்த ஊருக்கு ஏற்றது கூம்பு அல்ல, மூடிய பெட்டி. பெரிய வடிகட்டி ஒன்றை உள்ளே வைத்து, சூடு புகாதபடி நான்கு பக்கமும் அடைத்து, முன் கிரில்லுக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து சேர்க்கும் பெட்டி. ஓசூர்க் கைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

முதல் பெட்டி அட்டையில்தான் செய்ய வேண்டும். டிவி வாங்கிய அட்டைப்பெட்டியை வெட்டி, மடித்து, டேப் ஒட்டி, பானட்டுக்குள் வைத்துப் பார்ப்பது. பானட்டை மூடும்போது இடிக்கிறதா? பேட்டரி கழற்ற வருமா? ஹெட்லைட் பல்பு மாற்றக் கை போகுமா? இதையெல்லாம் அட்டையிலேயே தீர்த்துக்கொண்டால் செலவு பூஜ்யம். பிறகு அந்த அட்டையைப் பிரித்து விரித்தால், அதுவே டிராயிங். லேசர் கட்டிங் பட்டறையில் அதைக் கொடுத்தால் இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் வெட்டித் தருவார்கள். ஒற்றைப் பெட்டிக்காக மெஷினை ஓட்ட யாரும் விரும்ப மாட்டார்கள் என்பதால், அங்கே ஒரு பேச்சுவார்த்தை நடக்கும்.

"அண்ணா, ஒரே ஒரு பீஸ்தான். ஏதாவது வேலை ஓடும்போது சைடுல மிஞ்சற தகடுல வெட்டிக் குடுங்க."

"வெச்சுட்டுப் போப்பா. அவசரப்படுத்தக் கூடாது."

இந்த 'வெச்சுட்டுப் போ'வில்தான் பட்ஜெட் அடங்கியிருக்கிறது. மிச்சத் தகடு, ஷிஃப்ட் முடிந்த பிறகான வெல்டிங், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பவுடர் கோட்டிங் வரிசையில் ஓரமாக மாட்டிய ஒரு பெட்டி. பெங்களூரில் இதையே கேட்டால் பில் வேறு மாதிரி வரும்.

வெல்டிங்கில்தான் ஆபத்து. குழாயின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் கடுகளவு உலோகத் துளி ஒன்று என்றாவது கழன்றால், நேராக டர்போ விசிறியில் போய் மோதும். விசிறியின் இதழ் ஒடிந்தால் டர்போவையே மாற்ற வேண்டும். பத்தாயிரம் மிச்சம் பிடிக்கப் போய், பழைய கார் விலையில் நாலில் ஒரு பங்கை இழப்பதா? அதனால் டர்போவுக்கும் ஃபில்டருக்கும் நடுவில் இருக்கும் குழாயில் வெல்டிங்கே வேண்டாம் என்பது புத்திசாலித்தனம். அந்த இடத்துக்கு வளைவான சிலிகான் ஹோஸ் ரெடிமேடாகவே கிடைக்கிறது. வெல்டிங் எல்லாம் பெட்டியோடு, அதிலும் ஃபில்டருக்கு வெளிப்பக்கத்தோடு நிற்கட்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கம்பெனிக் குழாயில் சின்னச் சின்ன இணைப்புகள் இருக்கும். இன்ஜின் ஆயில் ஆவி திரும்பி வரும் குழாய் ஒன்று. ஆக்ஸிலேட்டரை விட்டதும் அழுத்தக் காற்று திரும்பும் குழாய் ஒன்று. புதுக் குழாயில் இதற்கெல்லாம் இடம் விடாமல் அடைத்துவிட்டாலோ, அம்போ என்று திறந்துவிட்டாலோ ஆயில் சீல் கசியும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.

அலுமினியத்துக்கும் ஒரு குறை உண்டு. அத்திப்பள்ளி தாண்டி, சந்தாபுரம், பொம்மசந்திரா என்று நின்று நின்று போகும் காலை நெரிசலில், பானட்டுக்குள் இருக்கும் உலோகப் பெட்டி தோசைக்கல் ஆகிவிடும். கார் கம்பெனிக்காரர்கள் பிளாஸ்டிக்கில் செய்வது விலைக்காக மட்டும் அல்ல. பெட்டியின் வெளிப்பக்கம் வெப்பத்தைத் தடுக்கும் ஃபாயில் ஒட்டுவது, ஓரங்களில் ரப்பர் பீடிங் வைத்து பானட்டோடு இறுக்கமாகப் பொருந்தச் செய்வது இரண்டும் அவசியம். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏறி, 2010-ல் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்தில் காற்று பாய ஆரம்பித்த பிறகுதான் பெட்டியின் அருமை தெரியும்.

காற்றை எங்கிருந்து எடுப்பது என்பதில் ஒரு பேராசை வரும். பம்பருக்கு அடியில்தான் நல்ல குளிர்ச்சி என்று குழாயைக் கீழே இறக்கிவிடுவார்கள். கோடை மழை ஒன்று கொட்டி, ஓசூர் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் நாளில் அந்தக் குழாய் காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், இன்ஜின் போச்சு. கம்பெனி வைத்திருக்கும் மூக்கின் உயரத்துக்குக் கீழே போகாமல் இருப்பதே பாதுகாப்பு.

ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்?

எல்லையில் இருப்பதால் ஓசூர் கார்களுக்கு ஒரு கூடுதல் சோதனை இருக்கிறது. கர்நாடகப் பதிவெண் கொண்ட காரை வாங்கி இங்கேயே வைத்துக்கொள்வதானால், 12 மாதங்களுக்குள் டி.என். 70-க்கு மாற்றியாக வேண்டும். அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே வரி, பிறகு வண்டியை நேரில் கொண்டுபோய் ஆய்வுக்கு நிறுத்துவது. பானட்டைத் திறந்தால் பளபளவென்று ஒரு பெட்டி இருந்தால் கேள்வி வரும்தானே?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் ஃபில்டர் பற்றி ஒரு வரியும் கிடையாது என்பதால், பழைய பெட்டிக்குள் வேறு ஃபில்டர் போடுவதில் சிக்கல் எழ வாய்ப்பு குறைவு. புதிதாகச் செய்த பெட்டியும் குழாயும் அதிகாரியின் பார்வையைப் பொறுத்தவை. சைலன்சரைத் தொட்டாலோ, ஈ.சி.யு.வின் கணக்கை மாற்றி இன்ஜின் சக்தியைக் கூட்டினாலோ அது முற்றிலும் வேறு கதை. வாரன்டியில் இருக்கும் காரில் இவை எதையும் செய்யாமல் இருப்பது நல்லது. மாற்றம் செய்ததை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் விட்டால், விபத்து நேரத்தில் கிளைம் தடுமாறலாம். பழைய பெட்டியைக் காயலான் கடையில் போடாமல் பரணில் பத்திரமாக வைத்திருப்பது எப்போதும் கைகொடுக்கும்.

வேலைக்கு ஆனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சத்தத்தை நம்பக் கூடாது என்று பார்த்தோம். டைனோவில் ஏற்றிச் சக்தியை அளக்கக் காசு வேண்டும். அதைவிட எளிய வழி கொத்தனாரிடம் இருக்கிறது. அவர்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற டியூப்பை வாங்கி, 'யூ' வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிக்கு வண்ணத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு முனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இணைத்து, மறுமுனையைத் திறந்துவிட்டால், டர்போ எவ்வளவு கஷ்டப்பட்டு உறிஞ்சுகிறது என்பது தண்ணீரின் ஏற்ற இறக்கத்தில் அப்படியே தெரியும். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் பத்து சென்டிமீட்டர் என்றால், பாதையில் இழப்பது காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. பழைய பெட்டியோடு ஒரு முறை, புதியதோடு ஒரு முறை, ஒரே ஏற்றத்தில், ஒரே கியரில் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அளவைப் படிக்கப் பக்கத்து சீட்டில் இன்னொருவர் வேண்டும். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும். டியூப் ஒரு மீட்டருக்கு மேல் நீளமாக இருப்பது முக்கியம், இல்லையென்றால் தண்ணீர் டர்போவுக்குள் போய்விடும். இப்படி அளந்து பார்த்து, பழைய பெட்டியே போதுமானது என்று தெரியவந்து, பெட்டித் திட்டத்தையே கைவிட நேர்ந்தாலும் அது நஷ்டம் இல்லை. மிச்சமான பணத்துக்கு நல்ல டயர் வாங்கலாம்.

இவ்வளவு மெனக்கெடல் இன்னும் எத்தனை வருடத்துக்கு என்ற கேள்வியும் இந்தச் சாலையிலேயே நிற்கிறது. ஏத்தர் மின்சார ஸ்கூட்டர்கள் ஓசூரில் தயாராகின்றன. டி.வி.எஸ். ஐகியூப்பும் இங்கேதான். போச்சம்பள்ளியில் 2021-ல் ஓலா தொடங்கிய ஆலை 500 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. இந்த வண்டிகளுக்கு ஃபில்டர் கிடையாது, இன்டேக் கிடையாது, சைலன்சர் கிடையாது. காற்றே வேண்டாம். கடற்கரையானாலும் ஓசூர் மேடானாலும் மோட்டாருக்கு ஒன்றுதான். நாற்பது வருடங்களாக இன்ஜினின் மூச்சுக்குழாய்களையும் கேஸ்கட்களையும் வால்வுகளையும் செய்து பிழைத்த சின்னப் பட்டறைகள், பேட்டரிப் பெட்டிக்கும் மோட்டார் கூட்டுக்கும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. தகடு வளைப்பதும் வெல்டிங் வைப்பதும் அங்கேயும் வேண்டும். ஆனால், வால்வு கடைந்தே பழகிய ஐம்பது வயது டர்னருக்கு அந்த மாற்றம் அத்தனை சுலபம் அல்ல.

சரி, பெட்டிக்கு வருவோம். மாட்டிய ஒரு மாதத்தில், அல்லது ஆயிரம் கிலோமீட்டரில், அதைத் திறந்து பார்த்தாக வேண்டும். ஃபில்டரின் வெளிப்பக்கம் சாம்பல் நிறத்தில் கல் தூசி அப்பியிருக்கும். அது அதன் வேலை. ஃபில்டரை எடுத்துவிட்டு, டர்போ பக்கம் போகும் குழாயின் உட்சுவரை ஒரு வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணி வெள்ளையாகவே வந்தால் மூடிவிடலாம். லேசாகச் சாம்பல் ஒட்டியிருந்தாலும் எங்கோ ரப்பர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யும் வரை பழைய பிளாஸ்டிக் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு ஓட்டலாம்.